200 ரூபாய்க்குள்ள ஒரு காம்பாக்ட்: வில்லியனூர் வெயில்ல மூணு வாரம்

இந்த எபிசோட்ல பேசப்போற விஷயம் ரொம்பச் சின்னது. உள்ளங்கையில அடங்கற ஒரு வட்ட டப்பா. திறந்தா ஒரு கண்ணாடி, ஒரு பஃப், கீழே அமுக்கி வச்ச பவுடர். கடையில "காம்பாக்ட்"னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. தினமும் வேலைக்கோ காலேஜுக்கோ போறவங்க, ஃபவுண்டேஷன், கன்சீலர்னு முழு மேக்கப்புக்கு நேரமும் காசும் இல்லாதவங்க, இது ஒண்ணை மட்டும் பையில போட்டுட்டுக் கிளம்பறவங்க: அவங்களுக்கான எபிசோட் இது.

சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்து கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேசறது பாண்டிச்சேரி ஒயிட் டவுன்ல இருந்து இல்ல. பாண்டியில "கொம்யூன்"னு ஒண்ணு இருக்கு. பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப்போன சொல். ஊராட்சி ஒன்றியம் மாதிரின்னு வச்சுக்கோங்க. வில்லியனூர் ஒரு கொம்யூன், பாகூர் ஒரு கொம்யூன். ஏரி, நெல் வயல், செங்கல் சூளை, அதுக்கு நடுவுல காலை எட்டு மணிக்கு டவுன் பஸ்ஸுக்கு நிக்கற பொண்ணுங்க, பசங்க. ஒரு காம்பாக்ட்டுக்கு இதை விடப் பெரிய பரீட்சை கிடையாது. ஏசி ரூம்ல எந்தப் பவுடரும் நல்லாத்தான் இருக்கும்.

நான் வாங்கினது வில்லியனூர்ல ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல. 200 ரூபாய்க்குள்ள, 9 கிராம். ஒரே கம்பெனியோட ரெண்டு ஷேடு எடுத்து மூணு வாரம் போட்டுப் பார்த்தேன். பிராண்ட் பேரைச் சொல்லப் போறதில்ல. காரணம், என் முகத்துக்குச் சரியா வந்தது உங்க முகத்துக்கு வராம போகலாம். பேரை விட, எதைப் பார்த்து வாங்கணும்ங்கறது கையில இருந்தா எந்தக் கடையிலயும் பிழைச்சுக்கலாம்.

டப்பாக்குள்ள என்ன இருக்கு?

முதல்ல டால்க். இது ஒரு கல். கனிமங்கள்லயே மிருதுவானது. நகத்தால கீறினாலே கோடு விழும். நம்ம ஊர்ல இது புதுசு இல்ல. பாட்டி வீட்டுக் கல்சட்டி, சிலேட்டுல எழுதற பலப்பம், கோலம் போடற மாக்கல் எல்லாமே டால்க் நிறைஞ்ச கல்தான். நுண்ணோக்கியில பார்த்தா சின்னச் சின்னத் தட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். ஒரு தட்டு மேல இன்னொரு தட்டு வழுக்கும். பவுடரைத் தொட்டா பட்டு மாதிரி இருக்கறதுக்கு அதுதான் காரணம்.

ரெண்டாவது மைகா, நம்ம ஆளுங்க காக்காப்பொன்னு சொல்றது. லேசான பளபளப்பு இதுலேர்ந்து வருது. மூணாவது, எண்ணெயை உறிஞ்சற சாமான்: கயோலின் களிமண், சிலிக்கா, சில பவுடர்ல சோள மாவு. நாலாவது, ஜிங்க் ஸ்டியரேட் மாதிரி ஒரு பொருள். பவுடரைத் தோல்ல ஒட்ட வைக்கறது அதோட வேலை. கடைசியா நிறம்.

தோல் நிறத்துக்கு வர்ற எல்லா ஷேடும் பெரும்பாலும் மூணு இரும்பு ஆக்ஸைடுல இருந்து வருது: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. லேபிள்ல சிஐ 77491, 77492, 77499னு எழுதியிருக்கும். வில்லியனூர் சுடுமண் பொம்மை கேள்விப்பட்டிருப்பீங்க, புவிசார் குறியீடு வாங்கினது. அந்தக் களிமண் சூளையில வெந்து சிவக்குது இல்லையா, அந்தச் சிவப்பும் இரும்பு ஆக்ஸைடுதான். மார்கழிக் கோலத்தைச் சுத்திப் போடற காவிப் பட்டையும் அதேதான். நம்ம தோல் நிறத்தை டப்பாக்குள்ள கொண்டு வர்ற நிறமி, நம்ம காலடி மண்ணுக்குச் சொந்தக்காரன்.

இத்தனை தூளையும் நல்லா அரைச்சுக் கலந்து, கொஞ்சம் எண்ணெய்ப்பசை சேர்த்து, சின்ன உலோகத் தட்டுல கொட்டி, மெஷின் வச்சு அமுக்கினா காம்பாக்ட். இந்த அமுக்கறதுலதான் விலை குறைஞ்ச பவுடரோட குட்டு வெளிப்படும். அழுத்தம் அதிகமானா பஃப்ல பவுடரே ஏறாது, கல்லு மாதிரி இருக்கும். குறைஞ்சா ரெண்டு நாள் பஸ்ல குலுங்கினதுக்கே பைக்குள்ள மாவாக் கொட்டிடும். கடையில டெஸ்டர் இருந்தா விரலால ஒரே ஒரு தடவை லேசா இழுத்துப் பாருங்க. மெல்லிசா, சமமா ஒரு படலம் வரணும். கட்டி கட்டியா உதிரக் கூடாது, சுரண்டற மாதிரியும் இருக்கக் கூடாது.

முகம் ஏன் சாம்பல் பூக்குது?

நம்ம ஊர்ல பவுடர் போட்டவங்களைக் கிண்டல் பண்றதுக்குன்னே ஒரு வார்த்தை வச்சிருக்கோம்: "மாவு அப்பின மாதிரி". மாநிறமோ கறுப்போ உள்ளவங்களுக்கு வெள்ளையாக் கூட இல்ல, சாம்பலாத் தெரியும். இதுக்கு அறிவியல் காரணம் இருக்கு.

ஒளி ஒரு பொருள்லேர்ந்து இன்னொண்ணுக்குள்ள போகும்போது எவ்வளவு வளையும்ங்கறதை ஒளிவிலகல் எண்ணால சொல்லுவாங்க. தோல்ல ஊறற எண்ணெய்க்கு அது சுமார் 1.45. டால்க்குக்குக் கிட்டத்தட்ட 1.57. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அதனால டால்க் எண்ணெயில நனைஞ்சதும் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாம போயிடும். ஆனா டைட்டானியம் டை ஆக்ஸைடுன்னு ஒண்ணு இருக்கு. சுவர் பெயின்ட்டுக்கு வெள்ளை கொடுக்கறதும் அதுதான். அதோட எண் 2.6க்கு மேல. எண்ணெயில நனைஞ்சாலும் வெள்ளை வெள்ளையாவே நிக்கும். லேபிள்ல சிஐ 77891.

வெளிர் நிறத் தோலுக்கு இந்த வெள்ளை உதவும், புள்ளியை மறைக்கும். கருந்தோல் மேல அதே வெள்ளை ஒரு படலமாப் படிஞ்சா, அடியில இருக்கற பழுப்பும் மேல இருக்கற வெள்ளையும் சேர்ந்து சாம்பலாத் தெரியும். ஒரு கம்பெனி கறுப்பு ஷேடு செய்யும்போது வெள்ளையைக் குறைச்சு இரும்பு ஆக்ஸைடைக் கூட்டணும். வெள்ளையை அப்படியே விட்டுட்டு மேல கொஞ்சம் பழுப்பை மட்டும் தூவினா, டப்பாவுல பார்க்கறப்ப கறுப்பு ஷேடாத் தெரியும், முகத்துல சாம்பல்தான் வரும்.

நான் பண்ணின சோதனை இதுதான். இடது கன்னத்துல வெளிர் ஷேடு, வலது கன்னத்துல அடுத்த ஷேடு. வீட்டுக்குள்ள டியூப் லைட்ல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. வாசலுக்கு வந்து வெயில்ல பார்த்தா இடது கன்னம் மட்டும் தனியா, யாரோ சுண்ணாம்புக் கையால தொட்ட மாதிரி இருந்தது. அன்னைக்கே வெளிர் டப்பாவை ஓரமா வச்சுட்டேன். மூணு வாரமும் ஓடினது ரெண்டாவது டப்பாதான்.

அலமாரியில ரெண்டே ஷேடு

நான் போன கடையில மொத்தமே ரெண்டு ஷேடுதான் இருந்தது. பாகூர்ல ஒரு கடையில ஒண்ணே ஒண்ணு. எதுன்னு நான் சொல்லத் தேவையில்ல. கடைக்கார அக்காகிட்டக் கேட்டேன். "கறுப்பு ஷேடு எடுத்தா ஓடாதும்மா, எல்லாரும் ஒரு பாயின்ட் வெளுப்பாத்தான் கேக்கறாங்க"ன்னாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. சின்னக் கடை. ஓடாத சரக்கு அவங்க காசை முடக்கிப் போடும்.

ஆனா இந்த "ஒரு பாயின்ட் வெளுப்பு" எங்கேர்ந்து வந்ததுன்னு யோசிக்கலாம். இந்தியாவில 1975ல வந்தது ஃபேர் அண்ட் லவ்லி. 45 வருஷம் அந்தப் பேர்லயே வித்தது. பேர்லேர்ந்து "ஃபேர்" போனது 2020லதான். அதைத் தயாரிக்கற ஹிந்துஸ்தான் யுனிலீவருக்கு இதே வில்லியனூர் கொம்யூன்ல, வடமங்கலத்துல ஒரு ஆலை இருக்கு. அழகு சாதனம்ங்கறது எங்கேயோ பாரிஸ்ல நடக்கற விஷயம் இல்ல, எங்க பஸ் ரூட்லயே நடக்கற தொழில்.

பாரிஸ்னு சொன்னதும் ஒரு சுவையான கிளைக்கதை. இந்தியப் பொண்ணுங்க வெளிநாட்டு மேக்கப்புக்குச் செலவு பண்ணி அந்நியச் செலாவணி கரையுதுன்னு நேரு கவலைப்பட, டாடா குழுமம் 1952ல லாக்மேயை ஆரம்பிச்சது. லாக்மேங்கறது லக்ஷ்மிங்கற பேரோட பிரெஞ்சு வடிவம். லியோ டெலிப் 1883ல பாரிஸ்ல அரங்கேத்தின ஒரு ஓபராவோட பேரும் அதுதான். நாயகி ஒரு இந்தியக் கோயில் பூசாரியோட மகள். 1952ல பாண்டிச்சேரி இன்னும் பிரெஞ்சுக் கையிலதான் இருந்தது, நம்மகிட்ட வந்தது 1954 நவம்பர் 1. ஆக, நம்ம நாட்டோட முதல் பெரிய மேக்கப் பிராண்ட், பிரெஞ்சு வாயில நுழைஞ்சு வந்த லக்ஷ்மியாத்தான் நமக்குக் கிடைச்சா.

இன்னைக்கு நிலைமை மாறுது. 2017ல ரிஹானாவோட ஃபென்டி பியூட்டி 40 ஷேடு ஃபவுண்டேஷனோட வந்த பிறகு, கருந்தோலுக்கு ஷேடு இல்லைன்னு சொல்றது கம்பெனிங்களுக்கே வெக்கமாப் போச்சு. இந்திய பிராண்டுகளும் ஆன்லைன்ல நிறைய ஷேடு வைக்கறாங்க. ஆனா அந்த மாற்றம் எங்க ஊர் அலமாரி வரைக்கும் இன்னும் நடந்து வந்து சேரல.

இது ஏன் பெரிய விஷயம்? எங்க தெருவுல ஒரு பொண்ணு, பிளஸ் டூ முடிச்சுட்டு டவுன்ல ஒரு துணிக்கடையில வேலைக்குச் சேர்ந்தா. முதல் நாளே "முகத்துல ஏதாவது போட்டுக்கிட்டு பளிச்சுனு வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வேலை விளம்பரத்துல இல்லாத நிபந்தனை. அந்தச் செலவு அவ சம்பளத்துலேர்ந்து போகுது. அலமாரியில கிடைச்சது அவ நிறத்துக்கு ரெண்டு படி வெளுப்பு. போட்டுட்டுப் போனா சாம்பல், போடாம போனா பேச்சு. ரெண்டு பக்கமும் அடி. அவ என்கிட்டக் கேட்டது, "அக்கா, என் கலர்ல பவுடரே வராதா?"ன்னு. வரும். அதைத் தேடி எடுக்கறது எப்படின்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடை எடுத்தேன்னே வச்சுக்கலாம்.

உங்க ஷேடைக் கண்டுபிடிக்கறது

மணிக்கட்டுலயும் புறங்கையிலயும் போட்டுப் பார்க்காதீங்க. பஸ்ல, வண்டியில போற நமக்குக் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தாடையும் கழுத்தும் சேர்ற இடத்துல லேசாத் தடவுங்க. கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல, போன் கேமராவுல ஃபில்டர் இல்லாம பாருங்க. கோடு தெரியாம கழுத்தோட கலந்துட்டா அது உங்க ஷேடு. ரெண்டு ஷேடுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா கறுப்புப் பக்கம் போங்க. ஒரு சாயல் கறுத்தது வெயில் பட்ட முகம் மாதிரி இயல்பா இருக்கும். வெளுத்தது முகமூடி மாதிரி தனியாத் தெரியும்.

மஞ்சள் பூசிக் குளிக்கற பழக்கம் இருந்தா, பூசாத ரெண்டு நாள் கழிச்சுப் போய் ஷேடு பாருங்க. இல்லன்னா, மஞ்சள் ஒட்டின முகத்தோடயே போங்க, அதே பழக்கம் தொடரப் போகுதுன்னா. எப்படியோ, தினமும் பவுடர் போடப் போற முகமும் கடையில சோதிக்கற முகமும் ஒண்ணா இருக்கணும்.

அடுத்தது பொறுமை. தடவினதும் வாங்கிடாதீங்க. இருபது நிமிஷம் கடைத்தெருவுல வேற வேலை பார்த்துட்டு வந்து மறுபடி பாருங்க. நிறம் கொஞ்சம் இறங்கியிருக்கும். சோஷியல் மீடியாவுல இதை "ஆக்ஸிடைஸ் ஆகுது"ன்னு சொல்லுவாங்க. ஆனா சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்ஸைடுகள் ஏற்கெனவே ஆக்ஸிஜனோட சேர்ந்து முடிஞ்ச பொருள். இதுக்கு மேல புதுசா ஆக ஒண்ணும் இல்ல. நடக்கறது வேற. காய்ஞ்ச வயல் மண் வெளிர்ந்து இருக்கும், அதுலயே தண்ணி விட்டா கறுக்கும் இல்லையா? மண் மாறல, தூளுக்கு நடுவுல இருந்த காத்து போய்த் தண்ணி நிறைஞ்சது, அதனால சிதறிப் போற வெளிச்சம் குறைஞ்சது. முகத்துல காத்து இருந்த இடத்துல எண்ணெயும் வேர்வையும் நிறையுது. அவ்வளவுதான். அதனால எண்ணெய் வழியற முகமா இருந்தா நிறம் இன்னும் இறங்கும்னு எதிர்பார்த்துக்கங்க.

வேர்வைக்கு எதிரா என்ன பண்றது?

எங்க ஊர் வெயிலை விட மோசம் கடல் காத்தோட ஈரம். பாகூர்லேர்ந்து டவுனுக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். கூட்டமான பஸ்ல நின்னுட்டுப் போய் இறங்கறப்ப எந்தப் பவுடரும் காலையில போட்ட மாதிரி இருக்காது.

மூணு வாரத்துல எனக்கு வேலை செஞ்ச வரிசை இது. முகம் கழுவி, துடைச்சு, மெல்லிசா மாய்ஸ்சரைசரோ சன்ஸ்க்ரீனோ போட்டு, பத்து நிமிஷம் விடணும். அது தோல்ல இறங்கறதுக்கு முன்னாடி பவுடர் போட்டா திட்டுத் திட்டா ஒட்டும். அப்புறம் பஃபை இழுக்காம, ஒத்தி ஒத்தி எடுக்கணும். முதல்ல மூக்கோரம், நெற்றி, தாடை, அதாவது எண்ணெய் வழியற இடங்கள். கன்னத்துக்கு பஃப்ல மிச்சம் இருக்கறதே போதும்.

டவுன்ல இறங்கினதும் மறுபடி போடணும்னு கை போகும். அதுக்கு முன்னாடி ஒரு டிஷ்யூவோ சுத்தமான கைக்குட்டையோ வச்சு வேர்வையை ஒத்தி எடுத்துடுங்க. ஈரத்து மேல பவுடர் விழுந்தா பிசைஞ்ச மாவு மாதிரி கோடுகள்ல உக்காந்துடும். ஒத்தி எடுத்துட்டு மூக்கு மேல மட்டும் ஒரு தடவை வச்சா மத்தியானம் வரைக்கும் தாங்குது. என் கணக்குல இந்த விலைப் பவுடர் எண்ணெயை மூணு, நாலு மணி நேரம் பிடிச்சு வைக்குது. நாள் முழுக்க வரும்னு எதிர்பார்த்தா ஏமாத்தம்தான்.

கல்யாண வீட்டுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. சிலிக்காவோ டைட்டானியமோ அதிகமா இருக்கற பவுடர் நேர்ல நல்லா இருந்தாலும் ஃபிளாஷ் போட்டோவுல வெள்ளைத் திட்டா வரலாம். கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்துடுங்க.

எஸ்.பி.எஃப். எழுதியிருந்தா சன்ஸ்க்ரீன் வேணாமா?

வேணும். கணக்கு போட்டுப் பார்க்கலாம். லேபிள்ல இருக்கற எஸ்.பி.எஃப். எண்ணை ஆய்வகத்துல சோதிக்கறப்ப, ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுவாங்க. முகம் சுமார் 600 சதுர செ.மீ.னு வச்சா, 1,200 மில்லிகிராம், அதாவது 1.2 கிராம். 9 கிராம் டப்பாவுல ஏழு தடவைக்குத்தான் வரும், எட்டாவது நாள் காலி. யாரும் அவ்வளவு அப்பிக்கிட்டுப் போறதில்ல. அதனால அந்த எண்ணைச் சின்ன போனஸா எடுத்துக்கங்க. வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் தனி.

லேபிளைப் படிக்கறது

இந்தியாவில அழகு சாதனப் பொருளுக்கு 1940ம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகு சாதனங்கள் சட்டம் இருக்கு. அதுக்குக் கீழ 2020ல தனியா அழகு சாதன விதிகள் வந்தது. நிறமிகள்ல ஈயம் 10 லட்சத்துக்கு 20 பங்கு, ஆர்சனிக் 2 பங்கு, இதுக்கு மேல இருக்கக் கூடாது. பாதரசத்தை வேணும்னே சேர்க்கக் கூடாது.

டப்பாவுலயோ அட்டையிலயோ நீங்க தேட வேண்டியது: தயாரிப்பாளரோட பேர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எப்போ வரைக்கும் பயன்படுத்தலாம்ங்கற தேதி, எம்.ஆர்.பி. வெளிநாட்டுச் சரக்குன்னா, இறக்குமதி பண்ணினவங்க முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. உட்பொருள் பட்டியலை அச்சடிக்கணும்னு விதி சொல்லுது. ஆனா 30 கிராமுக்குக் குறைஞ்ச திடப்பொருள் பேக்குக்கு விலக்கும் கொடுக்குது. காம்பாக்ட் 9 கிராம். ஆக, முகத்துல நேரா தடவற பொருள்ல என்ன இருக்குன்னு சொல்லாம இருக்கவும் ஒரு கம்பெனிக்கு வழி இருக்கு. நல்ல கம்பெனிங்க பல பேர் கட்டாயம் இல்லாட்டியும் போடறாங்க. நான் வச்சிருக்கற அளவுகோல் இதுதான்: ரெண்டு காம்பாக்ட் ஒரே விலையில இருந்தா, பட்டியல் போட்டதை எடுப்பேன். மறைக்காதவங்களுக்கு என் காசு போகட்டும்.

ஞாயித்துக்கிழமை பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல துணி, செருப்பு, பொம்மை எல்லாம் அள்ளலாம். முகத்துல போடறதை மட்டும், முகவரி இல்லாத டப்பாவா இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. பெரிய பிராண்டோட அச்சு அசல் டப்பா பாதி விலைக்குக் கிடைச்சாலும் அதேதான். சும்மா பயமுறுத்தல. கேரளாவுல மலப்புரம் பக்கம், அடையாளம் இல்லாத சிவப்பழகு கிரீம் போட்டவங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததை 2023ல மருத்துவர்கள் வெளியில கொண்டு வந்தாங்க. காரணம்னு சந்தேகப்பட்டது பாதரசம். அது கிரீம், இது பவுடர். ஆனா பாடம் ஒண்ணுதான். யார் செஞ்சதுன்னு தெரியாததைத் தோல் மேல தினமும் போடக் கூடாது.

டால்க் பத்தின பயம்

இதை நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை 2024 ஜூலையில டால்க்கை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது"ங்கற 2ஏ பிரிவுல சேர்த்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023ல உலகம் முழுக்க டால்க் பேபி பவுடரை நிறுத்திட்டு, சோள மாவுக்கு மாறிட்டாங்க.

இதை எப்படிப் புரிஞ்சுக்கறது? அந்த முகமை சொல்றது ஆதாரத்தோட பலத்தைப் பத்தி. ஒரு தடவை தொட்டா எவ்வளவு ஆபத்துங்கறது அந்தப் பிரிவுல வராது. பெரிய கவலை ரெண்டு. ஒண்ணு, பூமியில டால்க் இருக்கற இடத்துலயே சில சமயம் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும், ரெண்டும் கலந்துட வாய்ப்பு உண்டு. ரெண்டு, பிறப்புறுப்புப் பக்கம் பவுடர் போடறது. இன்னொண்ணு, தூசியா மூச்சுல இழுக்கறது நுரையீரலுக்கு நல்லதில்ல.

காம்பாக்ட் அமுக்கி வச்சதால, டப்பாவைக் கவுத்துக் கொட்டற பவுடரை விடத் தூசி குறைவு. அதுக்கு மேல நாம செய்யக்கூடியது: போடும்போது மூச்சைப் பிடிச்சுக்கறது, பஃபை முகத்துக்கு நேரா தட்டாம இருக்கறது, கைக்குழந்தை இருக்கற இடத்துல போடாம இருக்கறது. மனசு ஒப்பலைன்னா டால்க் இல்லாத காம்பாக்ட்டும் வருது. மைகா, சிலிக்கா, மாவு வச்சுச் செய்வாங்க, விலை கொஞ்சம் ஏறும். மைகாவுக்கும் ஒரு கதை இருக்கு. ஜார்க்கண்ட் சுரங்கங்கள்ல குழந்தைங்க மைகா பொறுக்கறது வெளிய வந்த பிறகு, 2017ல கம்பெனிங்க சேர்ந்து பொறுப்பான மைகாவுக்குன்னு ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க. மினுக்கற எதுக்கும் பின்னாடி யாரோ ஒருத்தரோட கை இருக்கு.

காசுக் கணக்கு

டப்பா விலையைப் பார்க்காதீங்க, கிராம் விலையைப் பாருங்க. 180 ரூபாய்க்கு 9 கிராம்னா, கிராம் 20 ரூபாய். 99 ரூபாய்க்கு 4 கிராம் மினி டப்பான்னா, கிட்டத்தட்ட 25 ரூபாய். கம்மி விலை டப்பாதான் உண்மையில அதிக விலை. ஒரு தடவைக்கு 0.1 கிராம் எடுத்தா 9 கிராம் 90 நாள் வரும். ஒரு நாளைக்கு 2 ரூபாய். ஆனா ஒரு புது பிராண்டை முதல் தடவை சோதிக்கறப்ப மினி டப்பாதான் புத்திசாலித்தனம். ஷேடு சரியில்லன்னா நஷ்டம் சின்னது.

அந்த 90 நாளும் ஒழுங்கா ஓடணும்னா பஃபை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணியில கசக்கி, நிழல்ல நல்லாக் காய வைங்க. முகத்து எண்ணெய் பஃப் வழியாப் பவுடர் மேல இறங்கி, நாளாக நாளாக ஒரு பளபளப்பான ஓடு மாதிரி கட்டிக்கும். அப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் பவுடர் வராது. கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. செல்லோ டேப்பை அது மேல ஒட்டி எடுத்தா அந்த ஓடு வந்துடும், அடியில நல்ல பவுடர் இருக்கும். பஃபை மட்டும் யாருக்கும் கடன் கொடுக்காதீங்க. ஹாஸ்டல்ல ஒரே பஃபை நாலு பேர் ஒத்திக்கிட்டா, பருவோ கண்வலியோ யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு தேட முடியாது.

புதுசா வாங்கினா முதல்ல காதுக்குப் பின்னாடி தடவி ரெண்டு நாள் பாருங்க. அரிப்பு, தடிப்பு வந்தா நிறுத்திடுங்க. பெரும்பாலும் வாசனைப் பொருள்தான் ஒத்துக்காம இருக்கும். அப்போ வாசனை இல்லாதது தேடலாம். பரு சீழ் கட்டி இருக்கறப்ப பவுடரால மூடறதை விட டாக்டரைப் பார்க்கறது நல்லது.

கடைசியா

பாண்ட்ஸ், கோகுல் சாண்டல், குட்டிக்கூரான்னு நம்ம வீடுகள்ல பவுடர் தலைமுறை தலைமுறையா இருக்கு. குளிச்சுட்டு வந்து நெற்றியிலயும் கழுத்துலயும் ஒரு கை தட்டிக்கிட்டா அன்னைக்கு நாள் ஆரம்பிச்சாச்சு. காம்பாக்ட் அந்தப் பழக்கத்தோட அடுத்த படி. போட்டே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. போடறதுன்னா, முகத்துல எண்ணெய் வழியாம இருக்கறதுக்கும், உங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கறதுக்கும் போடுங்க. நிறத்தை மாத்தறதுக்குன்னு இல்ல.

இன்னொண்ணு. கடைக்குப் போறப்ப உங்க ஷேடு இல்லைன்னா, சும்மா திரும்பி வராதீங்க. "இந்தக் கம்பெனியில இந்த நம்பர் ஷேடு வேணும், எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டு வாங்க. நம்பரைச் சீட்டுல எழுதிக் கொடுங்க. அந்த அக்கா ஓடாதுன்னு சொன்னது கேக்க ஆள் இல்லாததால. நான் ரெண்டு தடவை கேட்டேன், எங்க தெருப் பொண்ணு ஒரு தடவை கேட்டா, அவ கூட வேலை பார்க்கற ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனா. மூணாவது வாரம் மூணு டப்பா வந்தது. மூணும் அன்னைக்கே வித்துப்போச்சு. நாலாவது டப்பா இருக்கான்னு கேட்டு இன்னொருத்தர் வந்தாங்கன்னு அந்த அக்காவே சொன்னாங்க.